பதினேழு

கிண்ணத்துக்கு இருபது கூன்வண்டு.
ங்காவுண்டேரேயில் மின்சாரம் போய்விட்டது;
கைபேசி வெளிச்சத்தில் எண்ணுகிறாள் அஸ்தாஜாம்.

காட்டுத்துளசியைக் காய்ச்சி வடித்த எண்ணெய்,
வடிதாளில் மூன்றே சொட்டு.
அவள் முக்காட்டிலும் அதே நெடி.
காலையில் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர்
இரண்டு தும்மல் போட்டு
இடம் மாறிக்கொண்டார்.

செத்தவை பதினேழு
என்று எழுதிவிட்டு
ஊசி முனையால் தொட்டாள்.
ஒன்று காலை நீட்டியது.
சற்றுப் பொறுத்து இன்னொன்று,
மூக்கைத் தூக்கிக்கொண்டு, நடக்கவே தொடங்கியது.

கடன்காரர் குரல் கேட்டால்
இப்படித்தான் படுத்துக்கொள்வான்
அவள் அண்ணன் ஊமாரூ.

பதினேழை அடித்தாள்.
பதினொன்று.
பக்கத்துக் கிண்ணத்தில், எண்ணெய் படாத சோளத்தில்,
இருபதும் மும்முரமாகத் தின்கின்றன;
சத்தம்கூடக் கேட்கிறது.

விடியட்டும் என்று மூடி போட்டாள்.
அந்தப் பதினொன்றிலும்
ஓரத்தில் கிடப்பதன் மேல்
அவளுக்கு நம்பிக்கை இல்லை.