சட்டை

தங்கச்சிமடம், ரோச் கிட்டங்கி.
காலை ஆறரைக்குச் சாக்கைக் கவிழ்த்தால்
முதலில் விழுவது கருவாடு இல்லை.
பழுப்பாய் ஒரு தூசி,
கூரை ஓட்டை வெயிலில் ஏறி
இறங்க மறந்து நிற்கும்.

நெத்திலியைத் துளைத்து வாழும் வண்டு
என்னைக் கடித்ததே இல்லை.
அதன் மயிர்ப்புழு வளர வளரச்
சட்டை கழற்றிப் போடும்,
ஆறு தரம், ஏழு தரம்.
சல்லடை ஆட்டுகிறவள் நான்.
கழற்றியதையெல்லாம்
என் நெஞ்சு எடுத்து மாட்டிக்கொள்கிறது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் கேட்டார்கள்:
வீட்டில் பூனை உண்டா?
விறகடுப்பா? வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா?
என்ன வேலை என்று கேட்பதற்குள்
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று.
நீலப் பம்பு ஒன்று கொடுத்தார்கள்.

முதலாளியிடம் சொன்னேன்.
"கடக்காத்து வாங்குற ஊர்ல
இழுப்பெல்லாம் வராதும்மா" என்றார்,
துண்டுக்குள் தும்மியபடி.

ஞாயிறு பூசையில் பாட்டு முழுசாய் வரும்.
திங்கள் மத்தியானம்
பெயரைச் சொல்லவே இரண்டு மூச்சு வேண்டும்:
பிரகா
சியம்மாள்.

தடைக்காலம் வந்தது. கிட்டங்கிக்குப் பூட்டு.
மூன்றாம் வாரம்
மல்லாந்து படுத்துத் தூங்கினேன்,
ஒன்பது மாதத்துக்குப் பிறகு.
மளிகைக்கடைப் பாக்கி நோட்டில்
என் பக்கம் நிரம்பி
அடுத்த பக்கம் போனது.

நேற்று ராத்திரி டீசல் சத்தம்.
விசைப்படகெல்லாம் போய்விட்டது.
நாலு நாள், அஞ்சு நாள்,
மணலில் மீன் காயத் தொடங்கும்.
மகன் தன் பழைய முகக்கவசத்தைத்
துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறான்.
காது நாடா ஒன்று அறுந்திருக்கிறது.
ஊக்கு தேடுகிறேன்.