கால் திருப்பு

கானாடுகாத்தான் கல்யாணத்தில்
ஒரே ஐலைனர், ஒரே தூரிகை, ஏழு பெண்கள்.
மூன்றாம் நாள்
பதினான்கு கண்களும் சிவந்தன.
மறுவீட்டுப் படத்தில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி,
மணப்பெண் உமையாள் உட்பட.
ஸ்டைல் என்று நினைத்து
ஆல்பத்தின் அட்டையிலேயே போட்டுவிட்டார் போட்டோக்காரர்.

ஏழில் நானும் ஒருத்தி.
தொழில், புட்டி வரைவது.
உள்ளே இருக்கும் மையைப் பற்றிக் கேட்காதீர்கள்,
கழுத்தின் விட்டம் கேளுங்கள்.

கண் ஆறியதும்
செக்காலை ரோட்டு அழகு நிலையங்களின்
குப்பைக்கூடையைக் கேட்டு வாங்கினேன்.
ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.
நாற்பத்தொரு புட்டிகள்.
அறுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில்
பாதிக்கு மேல் மை.
மை தீரவில்லை, மயிர் விறைத்திருந்தது.
ஒரு புட்டியைத் தூக்கிப் போட
அவ்வளவு போதுமாயிருக்கிறது.

எனவே முனை மட்டும் கழல வேண்டும்.
சொல்ல எளிது.

சிட்கோ ஷெட்டில் அருளானந்து அச்சு வெட்டினார்.
முதல் மாதிரி 'டிக்' என்று பொருந்தியது.
அந்த டிக்குக்காக அன்று
எல்லோருக்கும் பால் பன் வாங்கிக்கொடுத்தேன்.
புதுவயலிலிருந்து ஜுலைகா வந்தாள்,
முகூர்த்த நாளில் மூன்று மணப்பெண்களுக்குக் கண் எழுதுகிறவள்.
திறந்தாள்.
மூடியும் தண்டும் கையோடு வந்தன,
முனை உள்ளே.
புட்டியைக் காதருகில் ஆட்டினாள்,
"பிள்ளைக்கு விளையாட ஆகும்க்கா."

கழுத்துக்குள் ஒரு வளையம் உண்டு,
வெளியே வரும் தூரிகையில் மிகுந்த மையை வழிக்க.
மையோடு முனையையும் அது வழித்துக்கொண்டது.
இறுக்கினோம்.
ஜுலைகாவின் நகம் ஒடிந்தது.
தளர்த்தினோம், மறுபடி கிலுகிலுப்பை.
கழுத்து பிடுங்கக் கூடாது, நகம் பிடுங்க வேண்டும்,
இரண்டுக்கும் நடுவே
ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு.
அதற்குள் ஐந்து வாரம் குடியிருந்தேன்.
சாப்பாட்டில் உப்பில்லை என்பதை
வீட்டில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஒரு புதன்கிழமை
மெஷினுக்கு மேலிருந்த பல்ப் போய்விட்டது.
அருளானந்து எண்ணெய் டிரம்மில் ஏறினார்.
அமுக்கினார், திருப்பினார், எடுத்தார்.
புதியதை வைத்து அமுக்கித் திருப்பினார்.
"அண்ணே, இன்னொரு தடவை."
"எரியுற பல்பையா?"
"ஆமா."
துண்டைச் சுற்றிப் பிடித்துக் கழற்றினார்.
இருட்டில் நின்றோம்.
என் வாயில் வார்த்தை வரவில்லை,
எத்தனை பல்ப் மாற்றியிருக்கிறேன் இந்தக் கையால்.

நேராக இழுத்தால் ஆயுசுக்கும் வராது.
அமுக்கிக் கால்வாசி திருப்பு, தானே வரும்.
கழுத்துக்கு இழுக்கத்தான் தெரியும்,
திருப்பத் தெரியாது.
விரலுக்குத் தெரியும்.

முனையின் இரு பக்கம் இரண்டு மொட்டு,
தண்டில் வளைந்த பள்ளம்,
ஸ்பிரிங்குக்குப் பதில் சிலிக்கான் வளையம்.
செலவைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதினார் அருளானந்து.
எழுதிவிட்டு
"மாதாவே" என்றார், தொகையைப் பார்த்து.

சென்னைக் கம்பெனிக்காரர் வீடியோவில் கேட்டார்:
முனை எட்டு ரூபாய்க்குக் கிடைத்தால்
அடுத்த புட்டியை எவள் வாங்குவாள்?
என்னிடம் பதில் இருந்தது, பட்டியலாக.
அதை விட்டுவிட்டு
புட்டியின் அடியைக் காட்டினேன்.
இங்கே வெறுமையாக விட்டிருக்கிறேன் சார்.
எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கும் ஏனத்தில்
இனிஷியல் வெட்டுவோம்.
தூக்கிப் போடுகிற சாமானில்
யாரும் பேர் வெட்டுவதில்லை.
அவர் முகம் மலர்ந்தது.
"பாரம்பரியம்! பெட்டியில் ஒரு அரண்மனை வீடு போட்டுவிடலாம்."
"பல்ப் போடுங்க" என்றேன்.
நெட் போய்விட்டதா, அவரே அணைத்தாரா,
இன்றுவரை தெரியவில்லை.

ஆர்டர் இன்னும் வரவில்லை.
நேற்று ஜுலைகா வந்தாள்.
பேசிக்கொண்டே, பார்க்காமலே,
பழையதைத் திருப்பிக் கழற்றினாள், புதியதைப் பூட்டினாள்.
புட்டியை ஆட்டினாள்,
சத்தமில்லை.
"கண்ணை மூடுக்கா."
குளிர்ச்சியாக ஒரு கோடு
மூக்கோரத்திலிருந்து கிளம்பியது.
மூடிய இமை வழியே
அருளானந்து மாட்டிய பல்ப்
சிவப்பாகத் தெரிந்தது.