மூன்றரைக் கிலோ

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
கொட்பே ஐஸ் கம்பனியில் கற்றது.
ஐம்பது கிலோக் கட்டி,
மரத்தூள், சாக்கு, இரும்புக் கொக்கி,
விடியப்புறம் மூன்று மணிக்கு
நிலாவெளி லொறி வருமுன்
விரல் நுனியில் ஏறும் விறைப்பு.

அதன்மேல் மனிதர் சறுக்கி ஓடுவார்களாம்.
காசு கட்டி, பெயர் பதிந்து,
ஐம்பத்துநாலு கிலோமீற்றர்.
"இங்கயிருந்து கந்தளாய் தாண்டுமே" என்றேன்.
"மலை ஏறி இறங்கி" என்றான் அகிலதாசன்,
நோர்வேயில் முதியோர் இல்லமொன்றில்
உருளைக்கிழங்கு அவிப்பவன்,
என் சின்னம்மாவின் மகன்.

ஓட்டத்தின் கதையை
மூன்று இரவில் சொன்னான், டேட்டா முடிய முடிய.
ஆயிரத்து இருநூற்றாறாம் ஆண்டு.
சிம்மாசனச் சண்டை.
செருப்புக்கு வக்கில்லாமல்
மரப்பட்டையைக் காலில் சுற்றியதொரு கட்சி.
அவர்களிடம் ஒரு ராசாப் பிள்ளை,
இரண்டு வயதுகூட ஆகவில்லை.
பகைவன் கைக்குப் போகாமல்
இரண்டுபேர் பனிப்புயலில் மலை கடத்தினார்கள்.
பிள்ளை பிறகு அரசாண்டது.
எழுநூறு வருசம் கழித்து
ஆரோ அதை ஓட்டமாக்கினார்கள்.
ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்திருந்தபோது நின்றதாம்.
காற்று மீறிய சில வருசமும்.
மற்றபடி மாசி கழிந்தால் ஓட்டம்தான்.

தூக்கியவர் இருவரின் பெயரும்
இன்றைக்கும் எழுத்தில் இருக்கிறது.
சொல்லிக் காட்டினான்.
என் வாயில் நிற்கவில்லை.

ஓடுகிற ஒவ்வொருவர் முதுகிலும்
மூன்றரைக் கிலோப் பை இருக்கவேண்டும்,
அந்தப் பிள்ளையின் நினைவுக்கு.
குறைந்தால் ஓட்டம் செல்லாது.
மூன்றரைக் கிலோ என்றால்
ஒரு நடுத்தரப் பாரை.
"ஒன்றரை வயதுப் பிள்ளை
பத்துக் கிலோ வராதோ?" என்றேன்.
எண்ணூறு வருசத்தில் ஆரும் கேட்காததைக்
கேட்டவன்போல் பேசாமலிருந்தான்.

அல்லது
அவனும் அதையேதான் யோசித்தானோ.
தொண்ணூறு ஆனி.
சாம்பல்தீவிலிருந்து வடக்கே, றோட்டை விட்டு,
திரியாய்ப் பக்கத்துக் காடு.
எனக்குப் பதினேழு, அவனுக்கு ஆறு.
பத்மலோசினிச் சின்னம்மா
தையல் மெசினின் தலையைக் கழற்றி
பெட்சீற்றில் கட்டி
என் முதுகில் ஏற்றினா.
"இவன் நடப்பான். இது நடக்காது."

இரண்டு இரவு நடந்தான்.
தூக்கு என்று கேட்டான்.
கேட்டான்.
பிறகு கேட்கவில்லை.

அந்த மெசின்
முகாமில் தலையணை உறை தைத்தது.
பள்ளிக்கூடச் சட்டை தைத்தது.
அவனை அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்கு
முதற்கட்டுக் காசையும் அதுதான் தைத்தது.
அவனுக்கும் தெரியும்.
நாங்கள் அதைக் கதைப்பதில்லை.

"பைக்குள்ள என்ன வைக்க?
உடுப்பு வைச்சும் ஒரு கிலோ குறையுது.
சாப்பாடு கணக்கில் இல்லையாம்."
"அரிசிமா வை" என்றேன்.
"அவிக்காத மா சாப்பாடில்லை.
முடிய புட்டு அவி."
சிரித்தான்.
வைத்தானோ தெரியாது.

பங்குனியில் ஒரு சனி.
இங்கே வெயில் உச்சியைப் பிளக்க,
ஐஸ் கம்பனிக்குள் மட்டும் மார்கழி.
கரண்ட் போய், ஜெனரேட்டர் இரைந்து,
அந்தக் கிழமை மீன் மலிந்து,
அவனை மறந்தே போனேன்.

ஞாயிறு விடியப்புறம் எடுத்தான்.
"எட்டு மணித்தியாலம் பிடிச்சுது.
கால் என்ர இல்லை.
நாப்பதாவது கிலோமீற்றரில
ஒருக்கா 'தூக்கு' எண்டு
வாய்விட்டுச் சொல்லிப்போட்டன், அண்ணை.
தமிழில.
பக்கத்தில போனவன் திரும்பிப் பார்த்தவன்."

வாசலில் லொறி ஹோர்ண் அடித்தது.
கொக்கி கையில். கட்டி உருகிக்கொண்டிருந்தது.
"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன.
சறுக்கினன்."