இருபத்தேழு கிராம்

பதினேழாம் வளைவில் கேமரா செத்தது.
மூன்றாவது படம் எடுத்த கையோடு
லென்ஸ் பாதி உள்ளே போய்
அப்படியே நின்றுவிட்டது.
கீழே
சில்வர் ஓக் இரண்டின் இடுக்கில்
சடையப்பனின் பிக்கப், மிளகு மூட்டைகளோடு.
மேலே தார்ச்சாலையில்
பதினாறாம் வளைவிலிருந்தே
சொட்டுச் சொட்டாய் பிரேக் ஆயில்.
அந்தக் கோட்டுக்குத்தான் குனிந்தேன்.
திரையில் ஒரு காலிப் பெட்டி
மூன்று முறை கண்ணடித்தது.

அடிவாரம் இறங்கி
செல் வாங்கித் திரும்புவதற்குள்
மழை.

கண்டேன் என்று அறிக்கையில் எழுதினேன்.
படம் எங்கே என்றது கம்பெனி.
டீசல் மிச்சம் பிடிக்க
நியூட்ரலில் இறக்கியிருப்பான் என்று
கோவையில் ஏசி அறையில் ஒருவர் தீர்மானித்தார்.
பாதிதான் வந்தது சடையப்பனுக்கு.
அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே அன்வர்தீன் கடை.
‘செல் கிடைக்கும்’ பலகையை நம்பி
போன் கேட்டு வருகிறவர்களைத்
திருப்பி அனுப்பியபடியே என்னிடம் சொன்னார்:
சாதா செல் கடிகாரத்துக்கு ஆகும் மேடம்,
டார்ச்சுக்கு ஆகும்.
உங்க கேமரா மொடாக்குடிகாரன்,
ஒரே மடக்குல காலி பண்ணிடும்.
சார்ஜ் ஏத்துறது வாங்குங்க.

கண்ணாடிமேல் பரப்பினார்.
இரண்டாயிரத்து எழுநூறு: பலசாலி,
ஆனால் டிராயரில் சும்மா கிடந்தே கரையும்,
என் சம்பளம் மாதிரி.
இரண்டாயிரம்: குறைவுதான்,
ஆறு மாதம் கழித்து எடுத்தாலும்
முக்கால்வாசி வைத்திருக்குமாம்.
ஓரமாய், தங்க ஜரிகைச் சட்டை போட்டு,
நான்காயிரத்து ஐநூறு.
நாலு செல் அறுபதே ரூபாய்.

என் கை எதன்மேல் போனது என்று
சொல்ல வேண்டியதில்லை.

அன்வர்தீன் பேசவில்லை.
ஜரிகைச் சட்டையில் ஒன்று, இரண்டாயிரத்தில் ஒன்று,
இரண்டையும் எடுத்துக்கொண்டு
பக்கத்துப் பட்டறைக்குள் நுழைந்தார்.
பூவாத்தாள் கொலுசுக்கு முத்துக் கோத்துக்கொண்டிருந்தாள்.
அவள் முன்னால் வெள்ளித் தராசு,
மூச்சு விட்டாலும் எண் மாறும்.
ஜரிகைச் சட்டை: பதினாறு கிராம் சொச்சம்.
மற்றது: இருபத்தேழு.

நிமிராமலே சிரித்தாள் பூவாத்தாள்.
‘எங்க தொழில்ல கள்ளம்னா எடை கூடும்.
உங்க தொழில்ல குறையுதா?’

நாலு இரண்டாயிரம்,
பத்து மணிநேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு சார்ஜர்.
ஒரு மணிநேரத்தில் ஏற்றுவதும் இருக்கு,
செல் சுட்டுப் போகும், ஆயுசு குறையும் என்றார்.
பில் தொள்ளாயிரத்து நாற்பது.
கம்பெனிப் படிவத்தில்
பேட்டரிக்கென்று ஒரு கட்டம் இல்லை.
‘எழுதுபொருள்’ என்று போட்டேன்,
அதையும் அடித்துவிட்டார்கள்.

நகப்பூச்சால் புள்ளி வைத்தேன்.
ஒரு புள்ளி ஒரு ஜோடி, இரு புள்ளி மறு ஜோடி,
கலக்கக் கூடாது.
பத்து மணிக்கு கரண்ட் போனது, சிவப்பு அணைந்தது.
பதினொன்றுக்கு வந்தது.
இரண்டு மணிக்கு மறுபடி போனது.
அஸ்தம்பட்டியே புழுங்கிப் புரண்ட அந்த ராத்திரி
சமையல் மேடையில்
நாலு செல்லும் விட்டு விட்டுக் குடித்தன.

தை மாதம் அடிவாரம் டீக்கடையில் சடையப்பன்.
இப்போது யாரோ ஒரு எஸ்டேட்காரரின் ஜீப் ஓட்டுகிறார்.
கழுத்தில் தொங்கியதைப் பார்த்தார்.
‘இப்ப எடுக்குதா?’
எடுக்குது என்றேன்.
‘அப்ப என்னை ஒண்ணு எடுங்க.
பேங்குல லோனுக்குக் கேக்கறாங்க.’

சுண்ணாம்புச் சுவரோரம் நின்று
சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
மலையிலிருந்து இறங்கிய குளிரில்
அவர் காது சிவந்திருந்தது.

ஒன்று போதும் என்றார்.
பதினொன்று எடுத்தேன்.
திரை மூலையில் பெட்டி
நிறைந்தே இருந்தது.