தேறல்

ஆல்தோர்னில் சித்திரை பிறந்த இரவு
வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றரை.
பின்பனி பங்குனியோடு முடிய வேண்டும்
என்பது எங்கள் கணக்கு.
க்ரௌச் ஆற்றுக்கு அது தெரியாது.

நான் அங்கே வரவுசெலவு எழுதுகிறவள்.
வாரத்தில் இரண்டு நாள்,
செம்ஸ்ஃபோர்டிலிருந்து ரயில்.
சார்டொனே கொடியைப் பற்றி நான் அறிந்ததெல்லாம்
நட்ட வருடம், ஒன்றின் விலை,
தேய்மானம் எத்தனை ஆண்டுக்கு என்பது.
அன்று ஆள் போதவில்லை என்று கூப்பிட்டாள் ஹெஸ்டர்.
கையுறை கொடுத்தாள்,
நீண்ட மூக்கு வைத்த ஒரு லைட்டர் கொடுத்தாள்.

மெழுகு வாளிகள் நானூறு வேண்டும்.
இருந்தவை நூற்றெண்பது.
காரணம் என் பேரேட்டில் இருக்கிறது:
பாரஃபின் என்றால் பாதி விலை,
நானூறும் வந்து இறங்கியிருக்கும்.
பிப்ரவரியிலேயே வேண்டாம் என்றுவிட்டாள்.
"வானத்தைக் கெடுத்துவிட்டு
வானத்திடமே இரக்கம் கேட்பதா?"
தாவர மெழுகுக்குப் பணம் அனுப்பியது நான்தான்,
உதட்டைக் கடித்துக்கொண்டு.

குளிரும் தண்ணீர்தான், பள்ளம் தேடும்.
ஆற்றோரக் கீழ்வரிசைகளில்
முழங்கால் ஆழத்துக்கு நின்றது.
இருபத்திரண்டு வரிசை. எதை விடுவது?
நெட் வேக்லிங் டிராக்டரை அணைத்தான்,
பதினான்காம் வரிசைத் தூணில்
தன் தொப்பியை மாட்டினான்.
"இதற்கு இந்தப் பக்கம்."
அந்தப் பக்கத்தைப் பற்றி
யாரும் பேசவில்லை.

ஒவ்வொன்றாய் ஏற்றினோம்.
மொட்டுகள்
பூனைக்குட்டிக் காது அளவு,
அதே மயிர், அதே ரோஜா நிறம்.
சாலையில் போகிறவர் பார்த்தால்
திருவிழா என்றிருப்பார்.
நாங்களோ நள்ளிரவு வார்டில் நடப்பதுபோல்
மூச்சை அடக்கி நடந்தோம்.

விடிந்தபோது தொப்பிக்கு அப்பால்
எல்லாம் தேயிலைச் சக்கை நிறம்.
ஹெஸ்டர் ஒன்றை நசுக்கி முகர்ந்தாள்.
நெட் தொப்பியை எடுத்தான், தலையில் வைக்கவில்லை.
எனக்குத் தமிழில் ஒரே சொல்தான் வந்தது:
தேறுமா?
காய்ச்சலில் கிடப்பவருக்கும்
கடனில் விழுந்த கடைக்கும்
கணக்குப் பரீட்சைக்கும்
எங்கள் ஊரில் அதே கேள்விதான்.

ஜூனில் இரண்டாம் மொட்டு வந்தது.
வந்தது என்று மட்டும் சொல்லலாம்.
எண்பது கூடை தரவேண்டிய எட்டு வரிசை
அக்டோபர் கடைசியில் இருபத்துமூன்று தந்தது.
மெழுகு என்று எழுதினால் செலவு,
பனி என்று எழுதினால் நட்டம்,
மனசாட்சிக்குத் தலைப்பு
என் மென்பொருளில் இல்லை.
பனிக்காலம் முழுக்க வரிசைகளுக்கிடையே
ஆடுகள் களை மேய்ந்தன.
சம்பளப் பட்டியலில் இல்லாத பணியாளர்கள்
அவை மட்டுமே.

இரண்டு சித்திரை கழித்து
அந்த எட்டு வரிசை, ஒரே ஒரு பீப்பாய்.
லண்டனிலிருந்து வந்தவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து
லேசாக இருக்கிறதே என்றார்,
லேசானது மலிவு என்கிற குரலில்.
"கண்ணாடியையா குடிக்கப் போகிறீர்கள்?"
ஹெஸ்டருக்கு வியாபாரம் வராது.

எனக்கும் அரைக் கிளாஸ் ஊற்றினாள்.
முதலில் பச்சை ஆப்பிளின் தோல்.
அடுத்து, தெரியாமல் கடித்த எலுமிச்சை விதை.
விழுங்கிய பிறகும் போகாமல்
சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த விரலின் ருசி.
நெருப்பருகே நின்ற வரிசைகளின் வைன்
இதைவிட இனியது, உருண்டையானது,
எல்லாருக்கும் பிடிக்கும்.
இது கண்ணைப் பார்த்துப் பேசுகிறது.

கலங்கல் அடியில் தங்க
மேலே தெளிந்ததற்கு
எங்கள் பழைய சொல் தேறல் என்றேன்.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்,
மூன்று தரமும் றகரம் வழுக்கியது.
லண்டன்காரர் ஆறு பெட்டி எழுதினார்.
போதாது.
வங்கிக்கு இன்னும் பதினோரு ஆண்டு பாக்கி.

வெளியே ஆற்றின் மேல் மேகமே இல்லை.
இன்றிரவு பூஜ்யம் என்கிறது வானிலை.
இம்முறை வாளிகள் இருநூற்றுப் பத்து.
நெட் தன் தொப்பியைத்
தேடிக்கொண்டிருக்கிறான்.