முன் அனுபவம்

நாளைக்குப் பத்து மணிக்கு சிப்காட்டில் இன்டர்வியூ.
செக்யூரிட்டி வேலை. பன்னிரண்டு மணி நேரம்,
ராத்திரி என்றால் ஐம்பது ரூபாய் கூட.
ஏஜென்சிக்காரர் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்:
உயரம் போதும், முடிக்கு மை அடிச்சிக்க,
வயசைக் கேட்டா நாப்பத்தஞ்சு.

ஆதாரில் ஐம்பத்தொன்று.
"அதையும் அவங்க கையிலதான குடுக்கணும்?" என்கிறார்
கலியவரதன், என் வீட்டுக்காரர்,
காதோரம் வழியும் மையோடு.

சங்கராவுக்குச் செதில் சீவியபடி
நான் மேனேஜர் ஆகிறேன்.
"உக்காருங்க."
உட்காரவில்லை.
முதுநகர் ஐஸ் பேக்டரியில்
பதினெட்டு வருஷம் பார் தூக்கிய தோள்,
நாற்காலியைக் கண்டாலும்
எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் பார்க்கிறது.

"கேட்டுக்கு ஒரு கார் வருது. பாஸ் இல்ல.
மொதலாளிக்கு மச்சான்னு சொல்றான். என்ன பண்ணுவீங்க?"
"தொறந்து விட்ருவேன்."
"வேல போச்சு."
"சரி, தொறக்க மாட்டேன்."
"நெசமாவே மச்சான். அப்பவும் போச்சு."
அறுத்துவைத்த மீன்தலையைப் பார்த்து
ரொம்ப நேரம் யோசிக்கிறார்.
"உள்ள போன் போட்டுக் கேக்குறேன்.
அதுவரைக்கும் நில்லுங்கன்னு சொல்றேன்."
"எங்க, சொல்லுங்க."
"கொஞ்சம்... நில்லுங்க சார்."
கடன் கேட்பது போல இருக்கிறது.
"சத்தமா."
"நில்லுங்க!"
பூனை நின்றது.

ஷூ எதிர்வீட்டு ஜெரால்டுடையது, ஒரு நம்பர் சின்னது.
பெல்ட்டில் சுட்ட ஆணியால் புது ஓட்டை.
தீயணைக்கும் சிலிண்டருக்குப் பதிலாக
மண்ணெண்ணெய் கேன்:
ஊசியைப் பிடுங்கு, அடியைப் பார்த்து அடி.
அதெல்லாம் வந்துவிட்டது.
"கேஸ் லீக் ஆச்சுன்னா?"
"காத்து எந்தப் பக்கம்னு பாப்பேன்.
அதுக்குக் குறுக்கால எல்லாரையும் ஓடச் சொல்லுவேன்."
யாரும் சொல்லித்தராத பதில்.
எங்கள் தெருவில் மூக்கு உள்ள எல்லோருக்கும்
தெரிந்த பதில்.

கடைசியாக, படிவத்தில் ஆறாவது வரி.
முன் அனுபவம்.
"இல்லன்னு எழுதிரு" என்றார்.
பேனாவைத் திறந்தேன், எழுதவில்லை.

புயல் வருஷம்.
பள்ளிக்கூடத்தில் எங்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள்.
ஏழாம் வகுப்பு பி பிரிவு,
முப்பது பெண்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
மூன்று ராத்திரி நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தார்,
நனைந்த லுங்கியோடு, பீடி கூட இல்லாமல்.
இரண்டாம் ராத்திரி
தள்ளாடி உள்ளே நுழையப் பார்த்தான் ஒருவன்.
இவர் எழுந்திருக்கவே இல்லை.
ஒரு சொல் சொன்னார். அவன் போய்விட்டான்.

அந்தச் சொல்லைத்தான்
சாயங்காலத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.

"அதெல்லாம் அனுபவத்துல வராதுடி,
சர்ட்டிபிகேட் கேப்பாங்க."
மூன்று நாள் என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்தது.

சாப்பிட்டதும் வாசலில் ஸ்டூல் போட்டார்.
"விடிய விடிய முழிச்சிப் பாக்குறேன்.
தூங்குவியான்னு கேட்டா பொய் சொல்லக் கூடாது."
ஷூவைக் கழற்றவில்லை.
பத்தரைக்கு கொசுவத்தி கேட்டார்.
பன்னிரண்டரைக்கு
"யாரு அங்க?" என்று நாயைக் கேட்டார்.

மூன்று மணிக்கு எழுந்து வந்து பார்த்தேன்.
சுவரில் சாய்ந்து, வாய் திறந்து,
இறுக்கின ஷூவுக்குள் கால் வீங்க
நல்ல தூக்கம்.
தலை மை சுவரில் ஒரு வட்டம் போட்டிருந்தது.

எழுப்பவில்லை.
தண்ணிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
மீதி ஷிப்டு என்னுடையது.
நாலே காலுக்கு வலைக்காரர்கள் நாலு பேர் போனார்கள்,
நாலே முக்காலுக்குப் பால்வண்டி.

நில்லு, யாரு, என்றேன்.
பால்காரன் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டான்.