தென்பாற்கெல்லை

மை உறைகிறது.
கொம்பைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றுகிறேன்.
ஆட்டுத்தோல் தயார், ஆண்டுதான் தெரியவில்லை.
பிராங்கு அரசர் இறந்துவிட்டார் என்கிறான் உப்பு விற்பவன்;
இல்லை என்கிறான் அவனுடைய கழுதைக்காரன்.
'அரசர் ஆளும் ஆண்டு, ஆளாவிட்டால்
அரசருக்காகக் காத்திருக்கும் ஆண்டு'
என்று எழுதி வைத்தேன்.

கோமான் அன்சுல்ஃப் முக்காலியில்.
நான்கு கணவாய், மூன்று கோட்டை, இரண்டு தம்பிகள்.
தம்பிகளுக்கு ஆளுக்கொரு எல்லைச் சீமை;
மூவருக்கும் ஒரே மூக்கு, ஒரே சந்தேகம்.
ரோமாபுரியைச் சூறையாடிய கோத்தியர் குடியாம்.
அந்த மொழியில் ஒரு சொல் சொல்லுங்கள் என்றேன் ஒருமுறை.
வெகுநேரம் யோசித்துத்
தன் பெயரைச் சொன்னார்.
பிறகு, தகப்பன் பெயரை.

நிலம் விதவை கிஷிலோவுடையது.
முப்பது ஆண்டு முள்வெட்டி உழுதவருக்கே மண்
என்கிறது சட்டம்.
அவள் விரல்களைப் பார்த்தால்
சட்டம் தேவையில்லை.

கீழ்பாற்கெல்லை: சிலுவை கீறிய கருவாலி மரம்.
வடபாற்கெல்லை: எல்தோவாராவின் திராட்சைக் கொல்லை.
மேல்பாற்கெல்லை: கோடையில் வற்றும் ஓடை.
தென்பாற்கெல்லை
என்றதும் இறகு நின்றது.

'பாழ். அங்கே யாருமில்லை' என்றார் கோமான்.
சற்றுப் பொறுத்து,
'என் குதிரை களைக்கும் இடம் வரை என்று போடு.'
போட்டேன்.

கிஷிலோ முக்காட்டை இறுக்கிக்கொண்டாள்.
'அங்கே அம்ரூஸ் இருக்கிறான்.
அவன் ஆடு என் பார்லியைத் தின்றது.
அதனால் வேலி போட்டோம்,
பாதி அவன், பாதி நான்.
பஞ்சத்தில் வாங்கிய விதையில்
இன்னும் இரண்டு மரக்கால் பாக்கி.
யாருமில்லை என்று எழுதிவிட்டால்
நான் யாரிடம் போய்க் கேட்பது?'

விறகு வெடித்தது.
கோமான் தளர்ந்துபோன மோதிரத்தை
ஒரு சுற்றுச் சுற்றினார்.
'இவளுக்கு அந்தப் பக்கம் இரண்டு மரக்கால்.
எனக்கு ஒரு மகன்,
பிணையாகப் போய் ஒன்பது குளிர்காலம்.'
எங்களிடம் சொல்லவில்லை.
பிறகு என்னிடம்: 'அவள் சொன்னதை எழுது.'

கத்தியால் குதிரையைச் சுரண்டினேன்.
அந்த இடத்தில் தோல் மெலிந்துவிட்டது.
தென்பாற்கெல்லை: அம்ரூஸின் வேலி.

கோமான் ஒரு புள்ளி வைத்தார்,
கிஷிலோ ஒரு புள்ளி வைத்தாள்.
புள்ளிகளில் வித்தியாசமில்லை.

இப்படிக்கு எழுதியவன் எர்மெமிர், பாதிரி.
ஏழாம் வரியில்
அடித்தல் திருத்தல் உண்டு.
வெளிச்சத்தில் பிடித்தால்
குதிரை இன்னும் தெரியும்.